எதுனாலும் ஓகே மாப்ள

இனி எவனாவது என்னிடம் "எதுனாலும் ஓகே மாப்ள" என்று சொன்னால், அந்த இடத்திலேயே அவன் நம்பரை பிளாக் செய்வதாக இருக்கிறேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் என்றாலும் சரி.

கல்லூரி முடித்த நாளிலிருந்து நாங்கள் 11 பேர். ஆறு வருஷமாக குரூப்பில் ஒரே பாட்டு: எங்கேயாவது மலைக்குப் போகணும்டா, குளிர்ல உக்காந்து பேசணும்டா. இந்தத் தடவை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கொடைக்கானல் போலாமா? சனிக்கிழமை ஏறி ஞாயிற்றுக்கிழமை இறங்கிடலாம்" என்று போட்டேன். பத்து நிமிஷத்தில் பத்து கட்டைவிரல். எந்தத் தேதி? எதுனாலும் ஓகே. எப்படி ரூம்? எதுனாலும் ஓகே. "நீயே பாத்துக்க மாப்ள, உனக்குத்தான் இதெல்லாம் வரும்." என் மனைவி அப்போதே சிரித்தாள்.

வேன் இரண்டு நாளைக்கு 21,000. நான்கு ரூம் 24,000. முழுக்க என் கார்டு. பதினொரு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 4,100 கூட வராது, தாராளமாகப் போய்விட்டு வரலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வியாழக்கிழமை ராத்திரி ஆரம்பித்தது. பெங்களூர்க்காரனுக்கு மாமியாருக்கு உடம்பு சரியில்லை. அடுத்தவனுக்கு ஆபீசில் அவசரம். அதைப் பார்த்த இன்னொருவனுக்கும் உடனே ஆபீசில் அவசரம். வெள்ளி மதியம் ஒருவன், "வீட்ல விடல மாப்ள" என்று நேர்மையாகச் சொன்னான், அவனையாவது மன்னிக்கலாம். கடைசி ஆள் எதுவுமே சொல்லவில்லை. சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு போனை எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆக ஆறு பேர். அதே வேன், அதே நான்கு ரூம், இப்போது தலைக்கு 7,500.

பெங்களூர்க்காரன் சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டேட்டஸில் பாப்கார்ன் வாளியோடு போட்டோ போட்டான். மாமியாரும் அதில் இருந்தார். நல்ல ஆரோக்கியமாகத்தான் தெரிந்தார்.

இ-பாஸ் கதையைச் சொல்கிறேன். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். அதில் ஒரு சிரமமும் கிடையாது. வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்கல், எப்போது ஏறி எப்போது இறங்குகிறோம் என்று போட்டால் வந்துவிடும். காசும் இல்லை. ஆனால் வெள்ளி ராத்திரி பதினொரு மணிக்கு வேன்காரர் கூப்பிட்டு, "சார், அந்த வண்டியில கிளட்ச் போச்சு, வேற வண்டி அனுப்புறேன்" என்றார். வண்டி எண் மாறினால் பாஸும் மாற வேண்டும். தூக்கக் கண்ணோடு திரும்ப உட்கார்ந்து எடுத்தேன். குரூப்பில் செய்தி போட்டேன். ஒருவன் கட்டைவிரல் போட்டான். இன்னொருவன் கேட்டான்: "இ-பாஸா? நாம கொரோனா டயத்துலயா இருக்கோம்?" பாஸ் வேண்டும் என்று அதே குரூப்பில் நான் மூன்று முறை எழுதியிருந்தேன்.

மதுரையில் ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டியது. கிளம்பியது எட்டு நாற்பதுக்கு. ஒருத்தன் சென்னை ரயிலில் வந்து இறங்கி, "குளிச்சுட்டு வந்துடறேன்" என்று போனவன் குளித்து, தூங்கி, எழுந்து வந்தான். வத்தலக்குண்டில் ஏழு மணிக்குச் சாப்பிட வேண்டிய இட்லியை பத்தேகாலுக்குச் சாப்பிட்டோம். காமக்காபட்டி சோதனைச் சாவடியில் ஊரே வரிசையில் நின்றது. அதற்கு மேலே டம்டம் பாறையில் ஒரு நிறுத்தம். எதிரே 975 அடி உயரத்திலிருந்து தலையாறு அருவி எலிவால் மாதிரி தொங்குகிறது, ஐந்து பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி. பெருமாள்மலை தாண்டி வெள்ளி அருவியில் சாலையிலேயே கார்களை நிறுத்திவிட்டு மொத்தக் கூட்டமும் குரங்குக்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தது. ரூமுக்குப் போய்ச் சேர மணி இரண்டரை.

"ஏழாயிரம் அடி உயரம், ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்கடா" என்று நான்கு முறை எழுதியிருந்தேன். ஒருவன் அரை டிரவுசரில் வந்து இறங்கினான். அரை மணி நேரத்தில் என் ஸ்வெட்டர் அவன் உடம்பில், என் குரங்குக் குல்லா இன்னொருவன் தலையில். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் எனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். திரும்பி வந்தால், "மாப்ள, சுடுதண்ணி வரலடா." அவனுக்கு முன்னாலேயே ரிசப்ஷன் நம்பர் ஒட்டிய போன் இருக்கிறது. அதை எடுத்துக் கேட்க மாட்டான். என்னைத்தான் கேட்பான். வைஃபை பாஸ்வேர்டு நான். எக்ஸ்ட்ரா கம்பளி நான். "டிரைவர் எங்கடா?" நான்.

சாப்பாட்டில்தான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. எங்கே சாப்பிடலாம் என்று ஐந்து பேரையும் தனித்தனியாகக் கேட்டேன். ஐந்து பேரும் எதுனாலும் ஓகே. சரி என்று ஒரு இடத்துக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தேன். மெனு கார்டு கைக்கு வந்ததும் ஒருவன் அதை ஒரு தடவை திருப்பிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, மேஜையில் குப்புறப் போட்டான். பேசவில்லை. அந்தக் குப்புறப் போட்ட மெனு கார்டை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "என்னடா?" என்றால், "ஒண்ணுமில்ல மாப்ள, போன தடவை ஃபேமிலியோட வந்தப்ப ஒரு கடையில சாப்பிட்டோம், சூப்பரா இருந்துச்சு." எந்தக் கடை? பெயர் ஞாபகமில்லை. எந்தத் தெரு? அதுவும் ஞாபகமில்லை. எதையாவது கேட்டு வாங்கித் தின்கிறவன் தேவலாம். எதுனாலும் ஓகே என்பவன் வேலையை நம் தலையில் போட்டுவிட்டு, குறை சொல்லும் உரிமையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு கோக்கர்ஸ் வாக் போகலாம் என்று பேச்சு. நான் மட்டும் போனேன். 1901-லிருந்து சூரியனைப் பார்த்துப் பதிவு செய்கிற ஆய்வகம் இருக்கிற ஊர் அது. இவன்கள் சூரியனைப் பார்த்தது பத்தரை மணிக்கு. தூண் பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது முழுக்க மஞ்சு. நானூறு அடிப் பாறை மூன்று எதிரில் நிற்கிறதாம், எங்களுக்குத் தெரிந்தது கம்பி வேலி. "இதைக் காட்டவா கூட்டிட்டு வந்த?" என்று என்னைக் கேட்டான் ஒருவன். குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் அவனே, "பூ எங்கடா?" என்றான். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிற பூ, 2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான் என்று அதற்கும் நானே விளக்கம் சொன்னேன். நேரத்தோடு இறங்கிவிடலாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கிளம்புகிற நேரத்துக்கே கிளம்பி, பெருமாள்மலை வரைக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இரண்டேகால் மணி நேரம் ஊர்ந்தோம்.

பிறகு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடவில்லை. இரண்டு பேர் போனில் சார்ஜ் இல்லை, மற்றவர்களுக்கு சிக்னல் இல்லை. ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றி ஆறு பேரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். எங்களில் ஒருவனுக்குப் போன வருஷம் அப்பா இறந்துவிட்டார். அன்று குரூப்பில் ஆளுக்கு ஒரு கும்பிடு போட்டோம், அதோடு சரி. அவர் எப்படிப் போனார் என்று அன்றைக்குத்தான் கேட்டோம். கடைசி மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் தான் தனியாகப் படுத்துக் கிடந்ததை அவன் சொன்னான். யாரும் குறுக்கே பேசவில்லை. "ஏன்டா கூப்பிடல?" என்று ஒருவன் கேட்டதற்கு, "யாரைக் கூப்பிடறதுன்னு தெரியலடா" என்றான்.

அந்த நாற்பது நிமிஷத்துக்காகத்தான் இரண்டு நாளும் அலைந்தேன். கரண்ட் வந்தது. "சார்ஜர் யார்கிட்டடா இருக்கு?" என்றான் ஒருவன். ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து கணக்கை குரூப்பில் போட்டேன். வராதவர்களும் வேன், ரூம் பங்கில் பாதியாவது தர வேண்டும் என்று எழுதினேன். "நான் வரவே இல்லையே மாப்ள, நான் எதுக்குத் தரணும்?" என்று பாப்கார்ன்காரன் கேட்டான். அதற்கு இரண்டு கட்டைவிரல். நீ வருகிறேன் என்று சொன்னதால்தானே நான் பெரிய வேன் எடுத்தேன், நான்கு ரூம் போட்டேன்? கல்யாணப் பந்தியில் இலை போட்டபிறகு எழுந்து போகிறவன் மாதிரி இது. அதைக் கேட்டால் நான் காசு பார்க்கிறவன். "ஃப்ரெண்ட்ஸ்குள்ள என்னடா கணக்கு" என்று தத்துவம் சொன்னது யார் தெரியுமா? ஐந்து மணிக்கு போனை எடுக்காதவன்.

ஒன்பது நாள் ஆகிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போனவன் பணம் அனுப்பியிருக்கிறான். ஏழாயிரம். "மிச்சம் 500-ம் ஸ்வெட்டரும் அடுத்த தடவை நேர்ல தரேன் மாப்ள." அடுத்த தடவை எப்போதுடா, குறிஞ்சி பூக்கும்போதா?