ஜெனரல்னா என்னான்னு இனி யாராவது கேளுங்க பாப்போம்

வணிக நிர்வாகப் படிப்பான பி.பி.ஏ.வுல ஃபைனான்ஸ் எடுத்தவனை யாரும் கேக்கறதில்ல. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் எடுத்தவளையும் கேக்கறதில்ல. பி.பி.ஏ. ஜெனரல்னு வாயத் திறந்தா மட்டும் விசாரணைக் கமிஷன் உக்காந்துருது.

நேத்து ராம்நாட்டுல பஸ் ஏறுனேன். பக்கத்துல எங்க தெருக்கோடி அத்தை. உச்சிப்புளி கூடத் தாண்டல.

"என்னம்மா படிக்கிற?"

"பி.பி.ஏ. அத்தை."

"அதுல?"

"ஜெனரல்."

"ஜெனரல்னா?"

"எல்லாம் வரும் அத்தை. கணக்கு, மார்க்கெட்டிங், வணிகச் சட்டம், ஆள் நிர்வாகம்..."

"அப்ப ஒண்ணும் முழுசா இல்லைன்னு சொல்லு."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பாத்துச் சிரிக்கிறார். அவருக்கென்ன, டிக்கெட் காசுக்கு மேலயே வேடிக்கை கிடைச்சிருச்சு.

"எங்க அண்ணன் மகன் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறான்" அடுத்த அம்பு. அந்தப் பரீட்சைக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும், குரூப் 2-வுக்கும் அப்படித்தான், ஜெனரல்னு வாசல்லயே யாரும் மறிக்க மாட்டாங்கன்னு நான் சொல்றதுக்குள்ள மண்டபம் வந்துருச்சு. லெட்ஜர்னா (கணக்குப் பேரேடு) என்னன்னே தெரியாத பதினேழு வயசுல 'ஃபைனான்ஸ்தான்'னு டிக் போட்டவன் தெளிவானவனாம். எம்.பி.ஏ.வுல பிரிச்சுக்கலாம்னு நினைச்சவ விவரங்கெட்டவளாம்.

பாம்பன் ரோட்டுப் பாலத்து மேல ஏறுனதும் பஸ் நின்னுருச்சு. எதுக்குன்னு கடைசில சொல்றேன். அப்பதான் அத்தைக்கு ஃபோன்.

"நெத்திலிய இப்பக் குடுக்காத. தடைக்காலத்துல வெல ஏறும், அப்ப எறக்குவோம்... உப்புக்காரருக்குப் பாதி குடு, மீதி சரக்கு போனதும்... காயப்போட இன்னும் ரெண்டு ஆள கூப்புடு, அந்தப் புள்ளைக்குக் கூலி கூட்டிக் குடு, இல்லேன்னா பக்கத்துக் கொட்டகைக்குப் போயிரும்... மதுரை ஏவாரி அட்வான்ஸ் தராம மூட்டை ஏத்தக்கூடாது, சொல்லிட்டேன்!"

சரக்கிருப்பு, நடைமுறை மூலதனம் (அன்றாடம் புழங்குற பணம்), ஆளைத் தக்க வைக்கிறது, 1872 ஒப்பந்தச் சட்டம். நாலு பேப்பரும் ஒரே ஃபோன்ல! மேலாண்மை அறிஞர் ஹென்றி ஃபயோலோட 14 மேலாண்மைக் கோட்பாட்டுல முதல் கோட்பாடே வேலைப் பகிர்வு. 1916-ல அந்த மனுசன் எழுதுனதை நான் உருப்போட்டு எழுதி மார்க் வாங்குறேன், அத்தை அதை மதிக்காம ஒத்தையாளா எல்லா நிர்வாகத்தையும் பாத்து லாபம் பாக்குறாங்க. தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் ஏதோ கிறுக்கி, நாலா மடிச்சு சுருக்குப்பைக்குள்ள வச்சாங்க. அதான் லெட்ஜர். நான் வாயத் திறக்கல. இப்பயாவது புரிஞ்சிருக்கும்னு ஒரு நப்பாசை.

பைய முடிஞ்சுட்டு என்னைப் பாத்தாங்க.

"ஆமா, ஜெனரல்னா என்னான்ன?"

சிரிச்சுட்டேன். வேற என்ன பண்ண?

அது கிடக்கட்டும். ரோட்டுப் பாலத்துல காரை நிப்பாட்டி செல்ஃபி எடுக்குற புண்ணியவான்களே, உங்களால பஸ்சு அரை மணி நேரம் அசையல. புது ரயில் பாலத்தை 2025 ஏப்ரல்லயே திறந்தாச்சு, அது எங்கயும் ஓடிப்போகாது. நடுத் தூக்குப் பாலம் கப்பலு, படகுக்கு வழி விடத்தான் மேல போகும். நீங்க கையக் காட்டுனா போகாது. வண்டிய எடுங்க!