ஆம், நான் சம்பளத்துக்குத்தான் பார்க்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை நான் பராமரிப்பாளராக வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் நடந்த மதிய உணவு நிகழ்வில் ஒரு பெரியவர் பேசிய பேச்சைக் காணொளியில் நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். “காசுக்குப் பார்ப்பவர்கள் பெற்ற பிள்ளைகளாகிவிட முடியுமா?” என்று அவர் ஒலிவாங்கியில் கேட்டபோது மண்டபமே கைதட்டியது. பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துபோன ஆச்சி ஒருவருக்கு நான் பின்வரிசையில் சோறு குழைத்து ஊட்டிக்கொண்டிருந்ததால், கைதட்ட எனக்குக் கை ஒழியவில்லை.

ஆம் ஐயா, காசுக்குத்தான் பார்க்கிறேன். மாதம் முடிந்தால் சம்பளம் வாங்குகிறேன்; கடைக் கொப்பியில் உள்ள கடனைக் கட்டுகிறேன்; தம்பியின் படிப்புக்குக் கொடுக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவரும் வைத்தியசாலையில் மருந்து தருபவரும் சம்பளத்துக்குத்தான் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய அன்பை எவரும் ஒலிவாங்கி வைத்து அளப்பதில்லை.

‘கழுவித் துடைக்கிற வேலைதானே, அதற்கென்ன படிப்பு’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆச்சிக்குச் சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் தோள்மூட்டு இழுபட்டு நோகும். சோற்றை நல்ல பக்கத்துக் கன்னத்தில் வைக்க வேண்டும். விழுந்த பக்கத்தில் வைத்தால் அது அங்கேயே தேங்கி நின்று, பிறகு புரைக்கேறும். சாப்பிட்டு முடிந்தவுடன் படுக்கவிடாமல் அரை மணி நேரமாவது நிமிர்த்தி இருத்த வேண்டும். ஞாயிறன்று, பேச்சு முடிந்ததும் படம் எடுப்பதற்காக அந்த ஆச்சியின் வாய்க்குள் லட்டுத் துண்டு ஒன்றை வைக்க வந்த கையைத் தட்டிவிட்டவளும் நான்தான். அதைக் காணொளியில் வெட்டிவிட்டார்கள்.

எங்களிடம் ஓர் ஐயா இருக்கிறார். 2009இல், இறுதிப் போரின்போது முல்லைத்தீவு மாத்தளனில் பட்ட ஷெல் துண்டு இன்னும் அவருடைய வலது இடுப்புக்குள் கிடக்கிறது. படுக்கையில் விழுந்தவர்களை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். வலப்பக்கமே படுக்க முடியாதவரை எப்படி மாற்றுவது என்று எவரும் சொல்லித் தரவில்லை. இடப்பக்கமும் மல்லாக்கவுமாக மாற்றி மாற்றிப் படுக்க வைத்து, முழங்காலுக்கிடையில் தலையணை கொடுத்து, குதிக்காலைப் படுக்கையில் முட்டாமல் தூக்கி வைத்து, சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்கிறேன். அழுத்தி எடுத்த பிறகும் வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் அங்கே படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். இன்றுவரை அந்த ஐயாவின் உடம்பில் புண் இல்லை. இது பாசத்தால் மட்டும் வருகிற பலன் என்றால், வீட்டில் பாசத்தோடு பார்க்கப்பட்டும் முதுகில் குழி விழுந்த நிலையில் இங்கே கொண்டுவரப்படுகிறவர்களுக்கு என்ன பதில்?

சில இல்லங்களில் வயோதிபர்களை ஏசுகிறார்கள், அடிக்கிறார்கள் என்று எழுதுவீர்கள். அப்படிச் செய்பவர்களைப் பொலிசில் கொடுங்கள், நானும் வந்து சாட்சி சொல்கிறேன். அதற்காக என்னை ஏன் மேடையில் இழுக்கிறீர்கள்?

வெளிநாட்டுப் பிள்ளைகளை நான் குறை சொல்வதாகவும் எழுதுவீர்கள். இல்லை. அவர்கள் அனுப்பும் காசில்தான் இங்கே அடுப்பு எரிகிறது. போரில் பிள்ளைகளை மொத்தமாக இழந்தவர்களுக்கும் அந்தச் சோறுதான். பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று இலங்கையின் 2000ஆம் ஆண்டு முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. அதையும் நான் எவருக்கும் நினைவூட்டப் போவதில்லை. ஆனால் வருடத்தில் இரண்டு முறை காணொளி அழைப்பில் வந்து, “அம்மா ஏன் மெலிந்துவிட்டார், நீங்கள் ஒழுங்காகச் சாப்பாடு கொடுப்பதில்லையா” என்று என்னை விசாரிக்கும்போது, அந்த அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்தது எப்போது என்றாவது தெரிந்து வைத்துக்கொண்டு கேட்கலாம்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. கனடாவில் பி.எஸ்.டபிள்யூ, அதாவது பராமரிப்பு உதவியாளர், வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பெண்ணைப் பற்றிக் கோயில் வீதியில் பெருமையாகப் பேசுகிறார்கள். அவளும் வயதானவர்களுக்குப் பம்பேர்ஸ்தான் மாற்றுகிறாள். எனக்கு வந்த சம்பந்தம், “மலசலம் அள்ளுகிற பிள்ளையாம்” என்ற ஒரு வார்த்தையோடு திரும்பிப் போனது. டொலரில் அள்ளினால் மணக்காது போலும்.

பெரியவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு வேண்டியது இரவுக்கு இன்னோர் ஆள். பாரமான ஒருவரை இரவில் தனியாளாகப் பக்கம் மாற்ற முடியாது; விரிப்பை இரு பக்கமும் பிடித்து இழுக்க இரண்டு பேர் வேண்டும். எங்களிடம் இரவுக்கு இருப்பது ஓர் ஆள், அவளுக்கும் முதுகு நோ. நிர்வாகம் இப்போதுதான் இரண்டாவது ஆளை எடுக்கச் சம்மதித்திருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து வருபவர்களுக்குத் தங்குமிடம் உண்டு. சம்பளத்தை மட்டும் முதலிலேயே வாய்விட்டுக் கேட்டுப் பேசிக்கொண்டு வாருங்கள்.