ரிப்பேர் மட்டும்தானே பார்த்தார்?

1, 10, 5, 14, 9, 4, 13, 8, 3, 12, 7, 2, 11, 6.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது மனப்பாடம். பதினாறாம் வாய்ப்பாடு கேட்டால் முழிப்போம், இதைக் கேட்டால் ஒரே மூச்சில் ஒப்பிப்போம். தாத்தா சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்டது. ரொம்ப நாள் ஏதோ லாட்டரி நம்பர் என்றுதான் நினைத்திருந்தேன். பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப் என்ற விமான இன்ஜினில் 14 சிலிண்டர்களும் எந்த வரிசையில் வெடிக்க வேண்டும் என்ற கணக்கு அது. ஏழேழாக இரண்டு வட்டம். பின்வட்டத்துக்கு ஒற்றைப்படை எண்கள், முன்வட்டத்துக்கு இரட்டைப்படை. பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று என்று மாறி மாறி வெடிக்கும். வரிசையை இன்னொரு முறை பாருங்கள், ஒற்றை இரட்டை ஒற்றை இரட்டை என்றே போகும்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தி மகன், "இந்தியாவின் முதல் விமானத்தைச் செய்தவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர்" என்று பெருமையாகப் போட்டான். உடனே ஒரு பெரியவர், "செய்யலப்பா, ரிப்பேர் மட்டும்தான் பார்த்தார்" என்று திருத்தினார். தகவல் சரிதான். அந்த 'மட்டும்'தான் ஒரு வாரமாக உறுத்துகிறது.

தாத்தா கோலார் தங்கவயல்காரர். சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை கற்றுக்கொண்டு, 1943-ல், 19 வயதில், பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்டில் சேர்ந்தார். இன்றைக்கு எச்.ஏ.எல். என்கிறோமே, அதுதான். தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் 1940 டிசம்பரில் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய கம்பெனி. சித்தி மகன் சொல்லும் 'முதல் விமானம்' 1941-ல் பறந்த ஹார்லோ பயிற்சி விமானம். அமெரிக்காவிலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். அப்போது தாத்தா அங்கே இல்லவே இல்லை.

அவர் போய்ச் சேர்ந்தபோது ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. புது விமானம் கட்டுவதற்கெல்லாம் யாருக்கும் பொறுமை இல்லை. அடிபட்டு வருவதைச் சரிசெய்து திருப்பி அனுப்பு, அவ்வளவுதான். அந்த வருஷமே அமெரிக்க ராணுவ விமானப்படை தொழிற்சாலையைத் தன் பொறுப்பில் எடுத்து, 84-வது ஏர் டிப்போ என்று பெயர் வைத்தது. டகோட்டா, பி-25, கேட்டலினா எல்லாம் வரிசையாக வந்தன. கேட்டலினா தண்ணீரில் இறங்கும் விமானம். அது வந்து இறங்கியது பெல்லந்தூர் ஏரியில். ஆமாம், நுரை பொங்கித் தீப்பிடித்து எரிந்ததாகச் சில வருஷம் முன்பு செய்தியில் பார்த்தோமே, அதே ஏரிதான்.

சின்ன வயதில் நான் கேட்டதெல்லாம், "தாத்தா, குண்டு விழுந்ததா? ஜப்பான்காரனைப் பார்த்தீங்களா?" என்பதுதான். அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. பெங்களூரில் எந்தக் குண்டும் விழவில்லை. கேள்விதான் தப்பு என்பது எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் புரிந்தது. "அந்த இன்ஜினை எப்படி ஸ்டார்ட் பண்ணுவீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன், அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை.

அந்த மாதிரி வட்ட இன்ஜினை நிறுத்தி வைத்தால் ஆயில் கசிந்து அடியில் இருக்கும் சிலிண்டர்களில் தேங்கிவிடும். அது தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் வந்து ஆயிலில் மோதும். காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில சமயம் வளைந்தது அப்போது தெரியாது, ஆகாயத்தில் போன பிறகுதான் உடையும். அதனால் முதலில் புரொப்பல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது தடுத்தால் நிறுத்திவிட்டு, அடி பிளக்கைக் கழற்றி ஆயிலை வடிக்க வேண்டும். பலம் காட்டித் தள்ளுகிறவனை மேஸ்திரி அன்றைக்கே வேறு பகுதிக்கு மாற்றிவிடுவாராம். "தடுத்தா தள்ளாதே" என்பது எங்கள் வீட்டில் கதவு, பீரோ டிராயர் தொடங்கி கல்யாணப் பேச்சுவரை எல்லாவற்றுக்கும் பொருந்தும் சட்டமாக இருந்தது.

ரிவெட், அதாவது தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி, அடிப்பது இரண்டு பேர் வேலை. வெளியே ஒருவர் ரிவெட் துப்பாக்கியைப் பிடிப்பார், உள்ளே ஒருவர் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுப்பார். ஒல்லியாக இருந்ததால் தாத்தாவை வால் பகுதிக்குள் நுழைய விட்டார்கள். தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து நாள் முழுக்க அந்தச் சத்தம். இடது காது போனது அங்கேதான். ஆயா, அதாவது என் பாட்டி, எப்போதும் அவருக்கு வலது பக்கமாகவே உட்கார்ந்து பேசுவார். டகோட்டாவின் சுக்கான்மேல் துணி போர்த்தி டோப் என்ற ஒரு திரவம் பூசுவார்களாம். என் அக்கா நெயில் பாலிஷ் போடும்போதெல்லாம் தாத்தா, "டோப் வாசனை வருதே" என்பார்.

ஒரே ஒரு முறைதான் போரைப் பற்றி வீட்டில் சங்கடமான பேச்சு வந்து பார்த்திருக்கிறேன். ஆயாவின் அண்ணன் ரங்கூனில் வேலை பார்த்தவர். 1942-ல் ஆயிரக்கணக்கானவர்களோடு காடும் மலையும் தாண்டி நடந்தே வந்து சேர்ந்தார். இன்னொரு பகுதிக் குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. "நீங்க சரி பண்ணி அனுப்பின பிளேனுங்கதானே அங்க போய் குண்டு போட்டுச்சு?" என்று ஆயா ஒரு நாள் சாதாரணமாகத்தான் கேட்டார். தாத்தா கொஞ்ச நேரம் கழித்து, "எந்தப் பிளேன் எங்க போகுதுன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க" என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பதில் எனக்கு இன்றுவரை போதவில்லை. அவருக்கும் போதவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சரி, 'மட்டும்' விஷயத்துக்கு வருகிறேன்.

போர் முடிந்ததும் தொழிற்சாலையில் ரயில் பெட்டி, பஸ் பாடி என்று வேலை மாறியது. அப்போது கான்பூர் சக்கேரியில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் கூட்டம் கூட்டமாகக் கைவிடப்பட்டுக் கிடந்தன. கடன்-குத்தகை ஒப்பந்தத்தில் அமெரிக்கா பிரிட்டனுக்குக் கொடுத்தவை. போர் முடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உதவாமல் ஆக்கிவிட வேண்டும். உதவாமல் ஆக்கிவிட்டுத்தான் போனார்கள். இன்ஜினுக்குள் மண்ணைக் கொட்டி, லாரியை விட்டு மோதி, இனி யாரும் தொட முடியாது என்கிற மாதிரி. 1948-ல் பெங்களூரிலிருந்து ஆட்கள் போனார்கள். தாத்தாவும் போனார். ஒரு விமானத்துக்கு நாலு இன்ஜின், இன்ஜினுக்கு 14 சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஆக 112 பிளக். ஒவ்வொன்றையும் கழற்றி மண் எடுத்ததை, 112 என்ற எண்ணை அழுத்திச் சொல்லித்தான் சொல்வார். இதிலிருந்து ஒரு சக்கரம், அதிலிருந்து ஒரு மீட்டர் என்று எடுத்துப் பூட்டி, பெங்களூர் வரை பறந்தால் போதும் என்ற அளவுக்குத் தேற்றினார்கள். கம்பெனியின் சோதனை விமானி அவற்றை ஒவ்வொன்றாகப் பறக்கவிட்டுக் கொண்டுவந்து சேர்த்தார். முழுப் பழுதுபார்ப்பும் பெங்களூரில். இப்படி நாற்பதுக்கும் மேல். அந்த நவம்பரிலேயே ஐந்தாம் ஸ்குவாட்ரனுக்கு அவை போகத் தொடங்கின, 1968 வரை நம் விமானப்படையில் பறந்தன. உலகத்தில் 18,000-க்கும் மேல் செய்யப்பட்ட விமானம் அது. இன்றைக்கு இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா அருங்காட்சியகங்களில் நிற்கும் சொச்சத்தில் பல, இந்தியாவிலிருந்து போனவை.

செய்தவன் வரைபடத்தைப் பார்த்துச் செய்கிறான். எல்லாப் பாகமும் புதுசு, எல்லாம் பெட்டியில் எண் போட்டு வருகிறது. ரிப்பேர் பார்க்கிறவனுக்கு அந்த வரைபடமும் தெரிய வேண்டும், அது எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்பதும் தெரிய வேண்டும். இதில் எது 'மட்டும்'? நம் ஊரில் மெக்கானிக் என்றால் கிரீஸ் கை, படிக்காதவன். சமீபத்தில் என் காரில் ஒரு சின்ன சத்தம். சர்வீஸ் சென்டரில் திறந்துகூடப் பார்க்கவில்லை, "அசெம்பிளியோட மாத்திடலாம் சார்" என்றார்கள். எழுபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் மண் கொட்டிய இன்ஜினைத் திறந்து பார்த்த ஊர் இது.

தாத்தா ஓய்வுபெற்ற பிறகு வீட்டு கிரைண்டரின் போல்ட்டுகளில் தலையில் ஓட்டை போட்டு, விமானத்தில் போடுகிற மாதிரி லாக் வயர் முறுக்கி வைத்திருந்தார். போல்ட் கழலப் பார்த்தால் கம்பி அதை இறுக்கும் பக்கம் இழுக்க வேண்டும், முறுக்கு அப்படி இருக்க வேண்டும். போன மாதம் பெல்ட் மாற்ற வந்த தம்பி, "இதென்ன சார் கம்பி" என்று வெட்டி எடுத்துவிட்டுப் போனான். புதுக் கம்பி வாங்கி நானே முறுக்கிப் பார்க்கிறேன். இரண்டு முறையும் எதிர்ப்பக்கமாகவே வந்திருக்கிறது.