வில்லாளியைக் கட்டிப்போட்டுவிட்டு ஒரு சுடும் விளையாட்டு

ஃபீலியோஸ் என்ற பழைய ஆர்கேட் (பெட்டியில் நாணயம் போட்டு விளையாடும்) விளையாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார்: "கிரேக்கப் புராணத்தைக் கண்டபடி குழப்பி வைத்திருக்கிறார்கள்." எனக்கும் அந்த விளையாட்டின் மேல் ஒரு கோபம் உண்டு. ஆனால் அது வேறு கோபம். கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

தெரியாதவர்களுக்காக முதலில் கதை. 1988இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் செய்த விளையாட்டு இது. திரை தானாக மேல்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும், எதிரே வருவதையெல்லாம் சுட்டுக்கொண்டே போக வேண்டும். விண்கலத்துக்குப் பதில் கிரேக்கத் தெய்வம் அப்பல்லோ. அவன் ஏறியிருப்பது சிறகுள்ள குதிரை பெகாசஸ். டைஃபான் என்ற அரக்கன் ஆர்டெமிஸ் தேவியைப் பிடித்து வைத்திருக்கிறான், போய் மீட்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

விளையாட்டாக எடுத்துக்கொண்டால் அருமையான வேலை. பின்னணி அடுக்கடுக்காக வெவ்வேறு வேகத்தில் நகரும், அந்தக் காலத்துக்கு அது கண்ணைக் கட்டும் காட்சி. அப்பல்லோ சுடுவது கையிலிருக்கும் வாளால். சுடுவதில் இரண்டு வழி. பட்டனைப் படபடவென்று தட்டினால் சின்னச் சின்னக் குண்டுகள் வரும். அழுத்திப் பிடித்தால் சக்தி மெல்ல ஏறும். விட்டதும் ஒரு பெரிய வீச்சு பாயும். பிடித்திருக்கும் அந்த ஒன்றிரண்டு நொடிகள் கையில் ஒன்றும் இல்லாத மாதிரி. எதிரிகள் இறங்கி வந்துகொண்டிருப்பார்கள், நீங்கள் சுடாமல் நெளிந்து நெளிந்து தப்பிக்க வேண்டும். தட்டலாமா, பிடிக்கலாமா, இந்த ஒரு கேள்வியை வைத்தே மொத்த விளையாட்டையும் ஓட்டிவிடுகிறார்கள். கதை பிடிக்காமலும் நான் இன்னும் இதை எமுலேட்டரில் (பழைய விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) திறந்து வைத்து விளையாடுவதற்கு இதுதான் காரணம்.

சரி, புராணக் குழப்பத்துக்கு வருவோம். குழப்பம் இருக்கத்தான் செய்கிறது. ஃபீலியோஸில் முதலில் எதிர்ப்படும் பாஸ், அதாவது கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரி, பாம்புக் கூந்தல்காரி மெடூசா. புராணப்படி, பெர்சியஸ் என்ற வீரன் மெடூசாவின் தலையை வெட்டியபோது அவள் உடலிலிருந்து பிறந்ததுதான் பெகாசஸ். ஆக நம் ஆள் ஒரு குதிரையை அதன் சொந்த அம்மா மேலேயே ஓட்டிக்கொண்டு போகிறான். போதாததற்கு, அந்த அம்மா செத்தால்தான் குதிரையே பிறக்க முடியும். அடுத்து டைஃபான். பழைய கிரேக்கக் கவிஞர் ஹீசியட் சொல்வதில் அவனை அடக்கியது தெய்வங்களின் தலைவன் ஸ்யூஸ், தனி ஆளாக. ரோமானியக் கவிஞர் ஓவிட் இன்னும் ஒரு படி மேலே போய், டைஃபானைக் கண்டு தெய்வங்கள் எல்லாம் எகிப்துக்கு ஓடி மிருக வேஷத்தில் ஒளிந்துகொண்டதாகப் பாடுகிறார். அதில் அப்பல்லோ ஒரு காக்கை, ஆர்டெமிஸ் ஒரு பூனை. காக்கையாகி ஓடியவனைத்தான் நாம்கோ கதாநாயகன் ஆக்கியிருக்கிறது!

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருக்கிறதே தவிர, குறையாகப் படவில்லை. கிரேக்கர்களே அந்தக் கதைகளை அப்படித்தான் வைத்திருந்தார்கள். டிராய்ப் போருக்கே காரணமாகச் சொல்லப்படும் ஹெலன் டிராய்க்குப் போகவே இல்லை, போனது அவளைப் போன்ற ஒரு மாய உருவம், அசல் ஹெலன் எகிப்தில் இருந்தாள் என்று யூரிப்பிடிஸ் ஒரு முழு நாடகமே எழுதினார். டைஃபானை ஹீசியட் பாதாளத்தில் தள்ளினால் பிண்டார் எட்னா எரிமலைக்கு அடியில் புதைக்கிறார். கவிஞனுக்கு ஒரு கதை என்று இருந்த ஊர் அது. நாணயம் போட்டு விளையாடும் பெட்டி மட்டும் ஏன் சுத்தபத்தமாக இருக்க வேண்டும்?

என் கோபம் ஆர்டெமிஸை என்ன செய்தார்கள் என்பதில். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் ஒரு காட்சி வரும். அதில் ஆர்டெமிஸ் சங்கிலியில் கட்டுண்டு நின்று அப்பல்லோவை அழைப்பாள். நிஜக் குரலைப் பதிவு செய்து போட்டிருக்கிறார்கள், அந்த வருஷத்துக்கு அது பெரிய வித்தை. அந்த வித்தையை வைத்துக்கொண்டு அவர்கள் செய்தது, கிரேக்கப் புராணத்தின் மிகப் பெரிய வில்லாளிகளில் ஒருத்தியைச் சங்கிலியில் மாட்டி "காப்பாற்று" என்று கெஞ்ச வைத்தது. இது சுடும் விளையாட்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டெமிஸ் யார்? அப்பல்லோவுடன் பிறந்த இரட்டை. அப்பல்லோடோரஸ் பெயரில் இருக்கும் புராணத் தொகுப்பின்படி முதலில் பிறந்தது அவள்தான். பிறந்த கையோடு அம்மா லீட்டோவுக்கு உதவி, தம்பியை வெளியே கொண்டுவந்தவளும் அவள்தான். அதாவது இவனுக்குப் பிரசவம் பார்த்த அக்கா. அலெக்ஸாண்ட்ரியாக் கவிஞர் கல்லிமக்கஸ் அவள்மேல் பாடிய துதிப்பாடலில் இன்னும் அழகான காட்சி ஒன்று உண்டு. குழந்தை ஆர்டெமிஸ் அப்பா ஸ்யூஸின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு வரிசையாக வரம் கேட்கிறாள். கல்யாணம் வேண்டாம், மலைகளெல்லாம் வேண்டும், அம்பும் வில்லும் வேண்டும். அதை நீங்கள் செய்து தர வேண்டாம், சைக்ளோப்ஸ்களிடம் நானே வாங்கிக்கொள்கிறேன் என்கிறாள். சொன்னபடியே போய், கூட வந்த பெண்கள் மிரண்டு நிற்க, பட்டறையில் இரும்படிக்கும் ஒற்றைக்கண் ராட்சதர்களிடம் வில் செய்யச் சொல்லி வாங்கி வருகிறாள். அவளுக்கு அவர்கள் புதிதும் இல்லை. மூன்று வயதிலேயே அவர்களில் ஒருவன் மடியில் உட்கார்ந்து அவன் நெஞ்சு முடியைக் கொத்தாகப் பிடுங்கியவளாம்! இப்படி ஒருத்தியைத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஹோமரும் அவளை அழ வைத்திருக்கிறார், மறைக்க விரும்பவில்லை. இலியட் 21ஆம் பாகத்தில் ஸ்யூஸின் மனைவி ஹீரா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு அவள் வில்லாலேயே காதில் அறைவாள்; அம்புகள் சிதற, இவள் அழுதுகொண்டே அப்பாவிடம் ஓடுவாள். ஆனால் அங்கேயும் அவள் வில்லோடு போர்க்களத்தில் நின்று அடி வாங்கினாள். பரிசுப் பொருளாக மூலையில் நிற்கவில்லை.

உடனே ஒருவர் வந்து, "அந்தக் காலம் அப்படி, 80களில் எல்லா விளையாட்டிலும் இளவரசியைக் கடத்துவார்கள்" என்பார். பாதி உண்மை. 1986 டிசம்பரில் நின்டெண்டோ வெளியிட்ட கிட் இகாரஸிலும் பாலுடெனா என்ற தேவியை மெடூசா சிறை வைக்க, பிட் என்ற பையன் வில்லோடு மீட்கப் போவான். ஆனால் அதே 1986இல் டைட்டோ நிறுவனத்தின் கிகி கைகாய் வந்தது. ஜப்பானியக் கோயில் ஒன்றில் தொண்டு செய்யும் சாயோ என்ற பெண் மந்திரத் தாள்களை வீசிப் பேய்களை அடித்துக்கொண்டு போவாள். அதில் கடத்தப்பட்டவர்கள் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்கள். தெய்வங்களைப் பெண் மீட்கிறாள்! நாம்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபீலியோஸுக்கு முன்பே, 1986இல், அதே நாம்கோ வடக்கத்திய ஐரோப்பியப் புராணத்திலிருந்து வால்கிரியை எடுத்துக் கையில் வாளும் கொடுத்துக் கதாநாயகி ஆக்கியது. ஆக, காலத்தின் மேல் பழி போட முடியாது. யோசிக்காமல் கைக்கு வந்த கதையை ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதே மாதிரி ஒட்டிவிட்டுப் பிறகு சரி செய்த ஒரு கம்பெனியும் உண்டு. அதனால்தான் எனக்குக் கொனாமியின் நைட்மேர் மேல் தனிப் பாசம். 1986, எம்எஸ்எக்ஸ் என்ற வீட்டுக் கணினிக்காகச் செய்தது. பொப்பொலோன் என்ற குட்டிப் போர்வீரன், ஹட்னோஸ் என்ற தீய பூசாரியிடமிருந்து அஃப்ரோடைட்டியை மீட்கக் கிளம்புகிறான். புராணத்தில் காதல் தெய்வமான அஃப்ரோடைட்டி இங்கே தேவிகூட இல்லை, வெறும் இளவரசி. பொப்பொலோன் என்ற பெயர் எந்தக் கிரேக்கக் கதையிலும் கிடையாது. மெடூசா இருக்கிறாள், அவளுக்குப் பக்கத்திலேயே வௌவாலும் எமனும் வருகிறார்கள். கதம்பம்தான்.

ஆனால் அந்தக் கணினியில் எதைச் செய்தாலும் சாதனை என்பதை மறக்கக் கூடாது. இசட்80 சிப், 3.58 மெகாஹெர்ட்ஸ். திரை 256க்கு 192 புள்ளி. நகரும் உருவம் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு நிறம். ஒரே கிடைக்கோட்டில் நான்கு உருவங்களுக்கு மேல் வந்தால் ஐந்தாவது காணாமல் போகும். திரையை வழுக்கிக்கொண்டு நகர்த்த வன்பொருளில் வசதியே இல்லை, அதனால் தரை எட்டு எட்டுப் புள்ளியாகத் துள்ளித் துள்ளித்தான் நகரும். இதற்குள் வில், பூமராங், வாள், நெருப்பு எனப் பலவித ஆயுதங்கள், கேள்விக்குறி போட்ட கட்டைகளைச் சுட்டுத் திறந்தால் உள்ளே சதுரங்கக் காய்கள், எட்டுக் கட்டங்கள். பொப்பொலோன் பறப்பதில்லை, நடக்கிறான். விண்கல விளையாட்டில் பழகியவர்களுக்கு இந்த ஒன்று எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஆறு வந்தால் பாலத்தைத் தேடியாக வேண்டும். திரை உங்களுக்காகக் காத்திருக்காது. குண்டுக்குப் பயந்து இடது ஓரம் ஒதுங்கினால் பாலம் வலது ஓரத்தில் இருக்கும், பின்னாலிருந்து திரையின் விளிம்பு தள்ளிக்கொண்டு வரும். மூன்றே ஒலித்தடங்களில் விறுவிறுப்பான ஒரு மெட்டு ஓடிக்கொண்டே இருக்கும். இசையமைத்தவர்களில் ஒருவர் மிகி ஹிகாஷினோ, கொனாமியின் விண்கல விளையாட்டான கிரேடியஸுக்கும் இசை போட்டவர்.

முக்கியமான விஷயம் அடுத்த வருஷம் நடந்தது. 1987இல் இதன் தொடர்ச்சியாக மேஸ் ஆஃப் கேலியஸ் வந்தது. இது சுடும் விளையாட்டு இல்லை, ஒரு பிரம்மாண்டமான கோட்டைக்குள் வழி தேடும் விளையாட்டு. இப்போது மீட்கப்பட வேண்டியது அஃப்ரோடைட்டி இல்லை, அவர்களுடைய மகன். தேடிப் போவது இரண்டு பேரும். எப்போது வேண்டுமானாலும் அவனிலிருந்து அவளுக்கு மாறிக்கொள்ளலாம். தண்ணீருக்குள் அவன் அடிபடுவான், அவளுக்கு ஒன்றும் ஆகாது. அவள் இல்லாமல் விளையாட்டை முடிக்க முடியாது. புராணப்படி கடலின் நுரையிலிருந்து பிறந்தவளுக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்பதை அவர்கள் தெரிந்து வைத்தார்களோ, தற்செயலாக அமைந்ததோ, எனக்குப் பிடித்திருக்கிறது. முழு விளையாட்டிலும் புராணம் ஆட்டமுறையாகவே மாறிய ஓர் இடம் இதுதான்.

என் பேச்சு இதைச் சுற்றித்தான். கிரேக்க அரக்கர்களை விளையாட்டுக்காரர்களுக்குப் பிடிப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றும் ஒரு விதியோடு வருவது. பல தலைப் பாம்பு ஹைட்ராவின் ஒரு தலையை வெட்டினால் இரண்டு முளைக்கும். மெடூசாவை நேராகப் பார்க்கக் கூடாது. டேலோஸ் என்ற வெண்கல மனிதன் கிரீட் தீவை நாள்தோறும் மூன்று முறை சுற்றி வருவான், நெருங்கும் கப்பல்மேல் பாறையைத் தூக்கி எறிவான். உடம்பெல்லாம் வெண்கலம், கணுக்காலில் மட்டும் ஒரு மெல்லிய நரம்பு. இதைவிடத் துல்லியமாக ஒரு பாஸ் சண்டையை இன்றைக்கும் யாராலும் எழுத முடியாது. (அவனை விழுத்தியதும் ஒரு பெண்தான், மீடியா என்ற மந்திரக்காரி.) இத்தனையும் இலவசமாகக் கிடக்க, பழைய விளையாட்டுகளில் பெரும்பாலும் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மேலே நின்று இடமும் வலமும் அசைந்து குண்டு துப்பும் ஓர் உருவம், அதற்கு ஒரு கிரேக்கப் பெயர்.

இப்போது மறுபடியும் ஃபீலியோஸின் அந்தப் பட்டனை நினைத்துப் பாருங்கள். அழுத்திப் பிடித்தால் சக்தி ஏறும், விட்டால் பாயும். இது வில். நாண் இழுப்பது, குறி பார்ப்பது, விடுவது. இழுத்துக்கொண்டிருக்கும்போது கை கட்டப்பட்டிருப்பது. இவ்வளவு அருமையான வில் ஒன்றைச் செய்துவிட்டு அதைக் கொண்டுபோய் அப்பல்லோவின் வாளில் வைத்திருக்கிறார்கள். வில்லுக்குச் சொந்தக்காரி திரைக்கு அந்தப் பக்கம் சங்கிலியில். அப்பல்லோவும் வில்லாளிதானே என்று கேட்கலாம். ஆமாம், இலியட் தொடக்கத்திலேயே ஒன்பது நாள் கிரேக்கர் முகாம்மேல் அம்பு மழை பொழிந்தவன். அவனுக்கும் வில் தரவில்லை!

இரண்டு பேர் சேர்ந்து விளையாடும் கதையும் புராணத்திலேயே தயாராக இருக்கிறது. நையோபி என்ற அரசி தன் பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொல்லி லீட்டோவை இளக்காரம் செய்ய, ஆண்பிள்ளைகளை அப்பல்லோவும் பெண்பிள்ளைகளை ஆர்டெமிஸும் எய்து கொன்றார்கள். இலியட் கணக்கில் ஆறும் ஆறும். இதை விளையாட்டாகச் செய்யச் சொல்ல மாட்டேன், கொடூரம். ஆனால் டிட்டியோஸ் கதை இருக்கிறது. டெல்ஃபிக்குப் போகும் வழியில் லீட்டோவைப் பலவந்தப்படுத்த வந்த ராட்சதன் அவன். அக்காவும் தம்பியும் சேர்ந்து அம்பெய்து வீழ்த்தியதாக அப்பல்லோடோரஸ் சொல்கிறார். ஒடிசி 11ஆம் பாகத்தில் பாதாளத்தில் அவன் படுத்துக் கிடக்கும் இடத்தின் அளவையும் ஹோமர் தருகிறார்: ஒன்பது பிளெத்ரா (பழைய கிரேக்க அளவு). இரண்டு பக்கமும் கழுகுகள் அவன் ஈரலைக் கொத்திக்கொண்டிருக்கின்றன.

மேல்நோக்கி நகரும் திரைக்கு இதைவிடப் பொருத்தமான கடைசிக் கட்டம் எது? பாஸ் திரையின் மேலே வந்து நிற்க வேண்டாம், கட்டமே அவன் உடம்பாக இருக்கட்டும். பாதத்தில் தொடங்கி, முழங்கால், தொடை, கழுகுகள் வட்டமிடும் வயிறு, நெஞ்சு என்று தலைவரை ஏறிப் போக வேண்டும். இரண்டு பேர், இரண்டு வில். ஒருவர் நாண் இழுத்துப் பிடித்திருக்கும் நேரத்தில் மற்றவர் சின்ன அம்புகளால் காவல் காக்க வேண்டும். அம்மா லீட்டோ ஓரமாக அழுதுகொண்டு நிற்க வேண்டியதில்லை, அவள் முன்னே ஓடட்டும், திரை அவள் வேகத்துக்கு நகரட்டும். இந்தக் காலத்தில் தனியாக உட்கார்ந்து பழைய பாணி விளையாட்டு செய்பவர்கள் எத்தனையோ பேர். யாராவது எடுத்துச் செய்தால் உரிமை எதுவும் கேட்க மாட்டேன். ஒரே நிபந்தனை, முதல் ஆட்டக்காரர் பட்டனைத் தட்டினால் வர வேண்டியது ஆர்டெமிஸ். தம்பி இரண்டாவது ஆளாக வந்து சேர்ந்துகொள்ளட்டும்.