அந்தப் பத்திரத்தில் அவளிடம் எதற்குக் கையெழுத்து வாங்கினீர்கள்?

மனைவியை அடித்தவனையும் அவளையும் ஊர்க் கூட்டத்தில் நிறுத்திப் பேசி, ஒரு பத்திரத்தில் இருவரிடமும் கையெழுத்து வாங்கிய போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதனால் ஊர், பெயர் எதுவும் எழுதப் போவதில்லை. அந்தப் பிள்ளையின் படத்தை ஏற்கெனவே எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்ற விட்டாயிற்று. நானும் சேர்ந்து அடையாளம் காட்ட வேண்டாம். "ஊர்ப் பிரச்சினையை ஊருக்குள்ளேயே பேசி முடித்தோம்" என்ற அந்தப் பதிவையும், அதற்குக் கீழே விழுந்திருந்த கைதட்டல்களையும் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

எதை முடித்தீர்கள்? பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். "இனிமேல் கை நீட்ட மாட்டேன்" என்று அவன். அடுத்த வரியிலேயே, "நானும் கணவர், மாமியார் மனம் கோணாமல் நடந்துகொள்வேன்" என்று அவள். கீழே இரண்டு பேர் கையெழுத்து, நான்கு சாட்சி. நான்கு பேரும் ஆண்கள், ஒருவர் அவனுடைய சொந்தச் சித்தப்பா. அடித்தவனையும் அடி வாங்கியவளையும் ஒரே தாளில் சமமாகக் குற்றவாளி ஆக்கியிருக்கிறீர்கள். நாளைக்கு அவள் கோர்ட்டுக்குப் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டப் போவது இந்தத் தாளைத்தான். அவன் மறுபடி அடித்தால் இதை வைத்து அவனை ஒன்றும் செய்ய முடியாது. மாஜிஸ்திரேட் போடும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு அது. ஊர்ப் பத்திரத்தை மீறினால் என்ன உண்டு?

இதனால்தான் ஊராட்சிக்கு ஒரு பெண்கள் பாதுகாப்பு ஆலோசனைக் குழு வேண்டும் என்று கிராம சபையில் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். "அதான் ஊர்க் கூட்டம் இருக்கே" என்று பதில் வருகிறது. ஊர்க் கூட்டம் தீர்ப்புச் சொல்கிற இடம். ஆலோசனைக் குழு தீர்ப்புச் சொல்லக் கூடாது, சமாதானமும் பேசக் கூடாது. அடி பெரிதாகும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்ததும் அவளை, இந்தச் சட்டப்படி அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் சேர்க்க வேண்டும். எங்கே ஓட்டை இருக்கிறது என்று ஊராட்சிக்கும் மாவட்டத்துக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். அதைச் செய்யத்தான் ஆள் இல்லை.

இது புதிதாக யாரும் கண்டுபிடித்ததில்லை. கேரளத்தில் அந்த மாநில மகளிர் ஆணையம் 1997-இல் தொடங்கிய ஜாக்ரதா சமிதி, அதாவது விழிப்புக் குழு, வார்டு, ஊராட்சி, மாவட்டம் என்று அடுக்காக இருக்கிறது. அங்குள்ள மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்கள் தங்கள் ஊராட்சியில் எந்த இடத்தில் எந்த மாதிரி வன்முறை நடக்கிறது என்று வரைபடமே போட்டார்கள். இங்கிலாந்தில் 2021-இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம், உள்ளாட்சிக்கு ஆலோசனை சொல்ல ஒரு வாரியம் அமைப்பதைக் கட்டாயமாக்கியது. பாதிக்கப்பட்டவர்கள் தரப்பு, அவர்கள் பிள்ளைகள் தரப்பு, மருத்துவம், போலீஸ், தொண்டு நிறுவனம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. அடித்தவனின் சித்தப்பாவுக்கு இடம் கிடையாது.

நம் ராமநாதபுரம் கடற்கரையில் இந்தக் குழுவில் யார் உட்கார வேண்டும்? நர்ஸம்மா. கர்ப்பிணிக்குப் பிரஷர் பார்க்கும்போது கையில் இருக்கும் தடத்தை முதலில் பார்ப்பது அவர்தான். அங்கன்வாடி டீச்சர். மகளிர் குழுக் கூட்டமைப்பிலிருந்து ஒருவர், தவணை கட்ட வராத வீடு எது என்று அவருக்குத் தெரியும். பள்ளித் தலைமையாசிரியர், ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் காவலர், வட்ட சட்டப்பணிகள் குழுவின் தன்னார்வலர். இப்படி அடி வாங்கி அதிலிருந்து வெளியே வந்த ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும். ஊர்த் தலைவர், ஜமாத் நிர்வாகி, சர்ச் பங்குப் பேரவைக்காரர் எல்லோரும் மரியாதைக்குரியவர்கள்தான், ஆனால் ஒரு வழக்கைப் பேசும்போது அந்த அறையில் அவர்கள் வேண்டாம்.

குழு போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. பேருக்குப் போட்ட குழுக்களை நிறையப் பார்த்தாயிற்று. காலை 11 மணிக்குக் கூட்டம் வைப்பார்கள். மீன் விற்கப் போனவள் அப்போது சந்தையில் இருப்பாள். பாசி எடுக்கிற பெண்கள் அமாவாசை, பௌர்ணமிக் கணக்கில் கடலுக்குள் நிற்பார்கள். யாரும் வரவில்லை என்று எழுதிவிட்டு, பிறகு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவார்கள். இன்னொன்று, தீர்மானப் புத்தகத்தில் பெண்ணின் பெயரை எழுதுவது. மறுநாள் அது மாமியார் காதுக்குப் போய்விடும். குழுவின் புத்தகத்தில் எண்ணிக்கையும் தெருவும் மாதமும் மட்டும் போதும். பெயர் பாதுகாப்பு அலுவலரின் கோப்பில் இருக்கட்டும்.

மாதத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அடிக்குக் காரணம் தடைக்காலம் என்று நான் சொல்ல மாட்டேன், கடலுக்குப் போகாத ஆண்கள் எல்லோருமா அடிக்கிறார்கள்? ஆனால் அந்த நாட்களில் அவள் கையில் பஸ்ஸுக்குக் கூடக் காசு இருக்காது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாம் அவன் பூட்டிவைத்த பெட்டியில். குழு ஒன்று இருந்தால் மார்ச் மாதமே இதைப் பேசி, நகல்களைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் வைத்து, அவசரத்துக்கு வண்டி எது என்று முடிவு செய்திருக்கும்.

தொண்டிப் பக்கம் ஒரு ஊரில் இப்படி நடந்தது. அங்கன்வாடியில் ஒரு குழந்தை தினமும் வந்ததும் தூங்கிவிடுகிறது என்று டீச்சர் கவனித்து நர்ஸம்மாவிடம் சொன்னார். அவர் பிரஷர் பார்க்கிற சாக்கில் வீட்டுக்குப் போய், மாமியாரைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டு, "இன்னிக்கு ராத்திரி இங்க இருக்க உனக்குப் பயமா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். சத்து மாத்திரை அட்டையின் பின்பக்கம் பெண்கள் உதவி எண்ணான 181-ஐ எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். பாதுகாப்பு அலுவலர் படிவம் 1-இல் சம்பவ அறிக்கை எழுதினார், படிவம் 5-இல் அவளுக்கான பாதுகாப்புத் திட்டம் போட்டார், மாஜிஸ்திரேட் உத்தரவு வந்தது. இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். பெரிய ஆட்கள் யாரும் இதில் இல்லை. பார்த்தவர் பேசாமல் இருந்துவிடவில்லை, அவ்வளவுதான். அதே 2005 சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம், நல்லெண்ணத்தில் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது.

"குடும்பத்தைப் பிரிக்கப் பார்க்கிறீர்கள்" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். அண்ணன்மாரே, பிரிப்பது சட்டமா, அடியா? இந்தச் சட்டத்தில் எடுத்த எடுப்பில் யாரையும் உள்ளே தூக்கிப் போடுவதில்லை. அடிக்காதே, வீட்டை விட்டுத் துரத்தாதே, செலவுக்குக் கொடு என்று உத்தரவு போடுவார்கள். அதை மீறும்போதுதான் சிறை. பட்டா மாமனார் பேரில் இருந்தாலும் அவள் வாழ்கிற வீட்டிலிருந்து சட்டப்படியல்லாமல் வெளியேற்ற முடியாது. 2020-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சமாதானத்துக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் அதற்கு முறை இருக்கிறது. கவுன்சலிங் செய்பவர் இரு தரப்புக்கும் சம்பந்தமில்லாதவராக இருக்க வேண்டும், முடிந்தவரை பெண்ணாக இருக்க வேண்டும். அடித்ததற்கு அவன் எந்த நியாயமும் சொல்லக் கூடாது, அதைப் பேச்சு தொடங்கும் முன்பே அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்துக்கான விதிகளில் விதி 14. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அரை நாள் அவன் சொன்ன நியாயங்களைத்தானே கேட்டீர்கள்? குழம்பில் உப்பு, போனில் பேச்சு, அம்மா வீட்டுக்குப் போனது என்று ஒவ்வொன்றாக. அவள் பேச வாயெடுத்தபோது "நீயும் கொஞ்சம் வாயக் கொறச்சுக்கத்தா" என்று சொன்ன பெரியவருக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

பொய் வழக்கு என்பவர்களுக்குப் பதில் எழுத எனக்குத் தெம்பில்லை. கன்னத்தில் இருந்த வீக்கத்தைப் படம் எடுத்துப் போட்டதே நீங்கள்தான்.

"எங்கள் சமூகத்தை அவமானப்படுத்தாதே" என்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இலங்கைக் கடற்படை நம் ஆட்களைப் பிடித்தால் இதே ஊர் ஒரே இரவில் கூடி ரோட்டில் உட்காருகிறது. அந்த ஒற்றுமையைப் பார்த்து நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது. அந்த ஆட்களில் ஒருவன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்வதைக் கேட்க மட்டும் ஏன் ஒருவரும் எழுந்து வருவதில்லை? சத்தம் கேட்டதும் டிவி சத்தத்தைக் கூட்டுகிற வீடுகள் எத்தனை இருக்கின்றன! பெண்களும்தான். மதினி, அக்கா, பக்கத்து வீட்டு ஆத்தா என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எல்லோரும் அவளிடம் பொறுத்துக்கொள் என்றுதான் சொன்னார்கள்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு நம் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். ஓடிப்போய்ச் சொல்ல வார்டு உறுப்பினர் அக்காவும் இல்லாமல் போனார். அந்த ஆண்டு மே மாதம், தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. உங்கள் தாலுகாவுக்கு யார் என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதியிருக்கிறதா, பாருங்கள்.

அடுத்த கிராம சபைக்கு முன்பே மனு எழுதுங்கள். குழுவில் யார் யார் என்று பதவியோடு குறிப்பிடுங்கள். பாதியாவது பெண்கள், மாதம் ஒரு கூட்டம், மாலை 5 மணிக்கு மேல், பெயர் எழுதாத பதிவேடு, பாதுகாப்பு அலுவலரின் எண் அங்கன்வாடியிலும் ரேஷன் கடையிலும் ஒட்டப்பட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "ஆவன செய்யப்படும்" என்று பொதுவாக எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், தீர்மான எண்ணோடு வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, இன்னொன்று திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில். ரசீது வாங்காமல் வராதீர்கள்.