மாதவிடாய்த் தேதியையும் கேளுங்கள்

பெண்களின் ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமல் போகும், பரபரப்பும் அவசரமும் சேர்ந்த குறைபாடு) பல வருடம் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது என்று உங்கள் கட்டுரை சொல்வது சரி. ஆனால் ஹார்மோன் பற்றி ஒரே வரியோடு நிறுத்திவிட்டீர்களே, அதுதான் எனக்குக் குறை. மூளையில் கவனத்துக்கு உதவும் டோபமின் என்ற வேதிப்பொருள் வேலை செய்வதற்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கைகொடுக்கிறது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது பலருக்குக் கவனமும் சிதறுகிறது. என் அக்கா அந்த நாட்களில் வழக்கமான ஏ.டி.எச்.டி. மாத்திரையைப் போட்டும் ஒரே மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பப் படிப்பாள், பதில் மட்டும் போகாது. மாதவிடாய் முடிந்ததும் அதே மாத்திரை நன்றாகக் கேட்கும். நாற்பதுகளில், மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய காலத்தில், இது இன்னும் கூடலாம். பலர் முதன்முறையாக மருத்துவரிடம் போவதே அப்போதுதான்.

அப்புறம், தைராய்டு கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை இவற்றாலும் மறதியும் சோர்வும் வரும். ஒரு ரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல் 'எல்லாம் டென்ஷன்தான்' என்று அனுப்பிவிடுவது பெரிய அநியாயம். அறிகுறிகளை மாதவிடாய்த் தேதியோடு சேர்த்து இரண்டு மூன்று மாதம் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தின் அளவை மட்டும் நீங்களாகக் கூட்டாதீர்கள்.