சின்ன மாற்றம்தானே சார்

கட்டட வேலையில் நான் அதிகம் பயப்படுவது "சின்ன மாற்றம்தானே சார்" என்ற பேச்சுக்குத்தான். சிமென்ட் குறைப்பு, கம்பி திருட்டு எல்லாம் ஊருக்கே தெரிந்த குற்றங்கள். கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் க்யூப் டெஸ்டும் கம்பியின் எடைச்சீட்டும் ஒழுங்காகப் பார்த்தால் பிடித்துவிடலாம். நல்ல கம்பி, நல்ல கான்கிரீட், நாணயமான மேஸ்திரி எல்லாம் இருந்தும் ஒரு கட்டடம் விழுகிறதே, அதற்கு என்ன சொல்வது? டிசைன் செய்தவர் ஒன்றைக் கணக்கிட்டிருப்பார், சைட்டில் வேறொன்றைக் கட்டியிருப்பார்கள், நடுவில் யாரும் மறுபடி கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். பொறியியல் நெறி என்று கல்லூரியில் ஒரு பேப்பர் வைத்து லஞ்சம் தப்பு, பொய் தப்பு என்று நடத்துகிறோம். மாற்றம் வந்தால் மறுகணக்கு போடுவதும் நெறிதான் என்று அழுத்திச் சொல்வதில்லை.

அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டி ஹயாத் ரீஜென்சி ஹோட்டல் விபத்தை ஒவ்வொரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் நட்டு, போல்ட் வரைக்கும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1980-ல் திறந்த ஹோட்டல். முன்கூடத்தில் இரண்டாம், மூன்றாம், நான்காம் மாடிகளின் உயரத்தில் மூன்று நடைபாலங்கள், ஒவ்வொன்றும் சுமார் 37 மீட்டர் நீளம், கூரையிலிருந்து இரும்பு ராடுகளில் தொங்கின. மூன்றாம் மாடிப் பாலம் தனியாக ஒதுங்கி இருந்தது. இரண்டாம் மாடிப் பாலம் நான்காம் மாடிப் பாலத்துக்கு நேர் கீழே. 1981 ஜூலை 17 மாலை, கூடத்தில் நடன விருந்து நடக்கும்போது நான்காம் மாடிப் பாலம் பிடிவிட்டு, கீழிருந்ததையும் சேர்த்துக்கொண்டு கூட்டத்தின் மேல் விழுந்தது. 114 பேர் இறந்தார்கள், இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

முதல் வரைபடத்தில் கூரையிலிருந்து ஒரே நீள ராடு இறங்கி, நான்காம் மாடிப் பாலத்தின் குறுக்கு பீமைத் துளைத்துக்கொண்டு இரண்டாம் மாடிப் பாலம் வரை போகும். ஒவ்வொரு பீமுக்கு அடியிலும் ஒரு நட்டும் வாஷரும். இப்படிச் செய்தால் நான்காம் மாடி உயரத்துக்குக் கீழே அவ்வளவு நீளத்துக்கும் மரை போட வேண்டும், பாலத்தைத் தூக்கி ஏற்றும்போது மரை நசுங்கிப் போகும். இரும்பு வேலை செய்த நிறுவனம் மாற்று வழி சொன்னது: ஒரு ராடுக்குப் பதில் இரண்டு. கூரையிலிருந்து வருவது நான்காம் மாடி பீமோடு முடியட்டும். அதே பீமில் சில அங்குலம் தள்ளி இன்னொரு ராடு தொடங்கி இரண்டாம் மாடிப் பாலத்தைத் தாங்கட்டும்.

இப்போது சுமையைப் பின்தொடருங்கள். கூரையில் பிடித்திருக்கும் ராடு முன்பும் இரண்டு பாலத்தைத் தாங்கியது, மாற்றத்துக்குப் பிறகும் அதே இரண்டைத்தான் தாங்குகிறது. கீழ் ராடு முன்பும் ஒரு பாலம், இப்போதும் ஒன்று. ராடை மட்டும் செக் செய்கிறவருக்கு எந்தத் தப்பும் தெரியாது. மாறியது நான்காம் மாடி பீமுக்கு அடியில் இருந்த நட்டு மட்டும். முன்பு அது தன் பாலத்தை மட்டும் தாங்கினால் போதும், கீழ்ப் பாலத்தின் சுமை ராடு வழியாக நேரே கூரைக்குப் போய்விடும். மாற்றத்துக்குப் பிறகு கீழ்ப் பாலமும் அந்த பீமில்தான் தொங்குகிறது. ஒரு நட்டுக்குச் சுமார் 9 டன்னாக இருந்த டிசைன் சுமை சுமார் 18 டன் ஆகிவிட்டது.

அந்த பீம் எப்படிப்பட்டது? 'ப' வடிவ 8 அங்குல இரும்புச் சேனல் இரண்டை விளிம்போடு விளிம்பு சேர்த்து வெல்டு செய்த பெட்டி. ராடுக்கான துளை அந்த வெல்டு கோட்டிலேயே. அடியில் சுமையைப் பரப்பும் அகலமான பேரிங் பிளேட்டும் இல்லை, உள்ளே வளையாமல் விறைப்பாகப் பிடிக்கும் ஸ்டிஃப்னர் தகடும் இல்லை. சேனலின் விளிம்பு வளைந்து, வெல்டு பிரிந்து, நட்டு பீமைக் கிழித்துக்கொண்டு மேலேறிவிட்டது. மூல வரைபடத்தின் இணைப்புகூட நகரக் கட்டட விதி கேட்ட வலிமையில் சுமார் 60 விழுக்காடுதான் என்றும், கட்டியதோ சுமார் 30 விழுக்காடுதான் என்றும் விசாரணையில் தெரிந்தது. ஆக அந்த இணைப்பை யாரும் ஒருமுறைகூட முழுதாகக் கணக்கிடவில்லை. டிசைன் அலுவலகம் இணைப்பு வேலை ஃபேப்ரிகேட்டருடையது, அதாவது இரும்பு வேலை செய்த நிறுவனத்துடையது, என்று நினைத்தது. ஃபேப்ரிகேட்டர் டிசைன் அலுவலகம் பார்த்திருக்கும் என்று நினைத்தார். மாற்றத்துக்குப் போனில் ஒப்புதல் வாங்கினோம் என்றது ஒரு தரப்பு, அப்படி ஒரு பேச்சே இல்லை என்றது மறு தரப்பு. ஆனால் ஃபேப்ரிகேட்டர் தயாரித்த செய்முறை வரைபடத்தில் (ஷாப் டிராயிங்) இன்ஜினியரின் முத்திரை இருந்தது. பொறுப்பு இன்ஜினியர்கள் ஜாக் கில்லம், டேனியல் டங்கன் இருவரின் மிசௌரி உரிமமும் பறிக்கப்பட்டது. இணைப்பின் பாதுகாப்பை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு முத்திரை மட்டும் குத்த முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுமானம் நடக்கும்போதே, 1979 அக்டோபரில், அதே கூடத்தின் கூரையில் ஒரு பகுதி விழுந்திருந்தது. சைட்டில் தங்கள் ஆள் ஒருவரை நிறுத்த டிசைன் நிறுவனம் கேட்டதும், கூடுதல் செலவு என்று அது மறுக்கப்பட்டதும் பதிவில் இருக்கிறது. உரிமையாளரின் பங்கு இதில் சின்னதில்லை. ஆனாலும் பார்க்க விடாத வேலைக்கு முத்திரை குத்தியது இன்ஜினியரின் கைதான்.

நம் ஊர் சைட்டுக்கு வருவோம். தொங்கும் பாலம் இங்கே அபூர்வம், பால்கனி தெருவுக்குத் தெரு உண்டு. 1 மீட்டர் நீட்டிய பால்கனி, 125 மில்லிமீட்டர் ஸ்லாப், ஓரத்தில் ஒரு மீட்டர் உயர அரைச்செங்கல் கைப்பிடிச் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லாபின் சொந்த எடை, தரை ஓடு, ஆள் நடமாட்டச் சுமை எல்லாம் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 7 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் சுமார் 100 கிலோ எடை). சுவர், மீட்டருக்கு இரண்டரை. பால்கனி கட்டடத்தோடு சேரும் பிடிமானத்தில் அதை வளைக்கப் பார்க்கும் வளைவுத் திருப்பம் ஒரு மீட்டர் அகலத்துக்கு 6 கிலோநியூட்டன்-மீட்டர். வீட்டுக்காரர் வந்து "ஊஞ்சல் போடணும், அரை மீட்டர் நீட்டுங்க" என்கிறார். ஸ்லாபின் பங்கு நீளத்தின் வர்க்கமாக ஏறும், 2.25 மடங்கு. சுவரின் பங்கு ஒன்றரை மடங்கு. கூட்டினால் 11.6. நீளம் பாதிதான் கூடியது, திருப்பம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. ஊஞ்சலை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. பால்கனியின் நுனி கீழே தொய்வதில் ஸ்லாபின் பங்கு சுமார் 5 மடங்கு.

கம்பியைப் பாருங்கள். பால்கனியில் முக்கியக் கம்பி மேல்பக்கம் வர வேண்டும், அறை ஸ்லாபுக்குள் நீட்டலின் ஒன்றரை மடங்காவது பின்னோக்கிப் போக வேண்டும் என்பது வழக்கம். 1 மீட்டருக்கு வெட்டி வைத்த கம்பி 2.5 மீட்டர். பால்கனி ஒன்றரை ஆனதும் அதே கம்பியை வெளியே தள்ளினால் உள்ளே 1 மீட்டர்தான் மிஞ்சும், தேவையோ 2.25. அடுத்த வேண்டுகோள், "மழைத்தண்ணி உள்ளே வராம ரெண்டு இஞ்ச் இறக்கிடுங்க." இறக்கியதும் அறைக்குள் நேராக ஓடிய மேல்கம்பியின் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது, பால்கனியின் திருப்பமெல்லாம் ஓர பீமை முறுக்கப் பார்க்கிறது. அந்த முறுக்குக்கு அங்கே ஸ்டிரப் (பீமைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி) போட்டிருக்க மாட்டார்கள். கடைசியாக, கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் மேல்கம்பியை மிதித்துக்கொண்டு நடப்பார்கள். ஸ்லாபின் அடிமட்டத்திலிருந்து மேல்கம்பி இருக்க வேண்டிய உயரம், அதாவது பயன்படு ஆழம், 100 மில்லிமீட்டர். மேல்கம்பியைத் தாங்கும் 'சேர்' கம்பி வைக்காமல் 30 இறங்கினால் 70, பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிற்று. தேவை இரட்டிப்பு, இருப்பு மூன்றில் இரண்டு. சென்டரிங் பிரிக்கிற நாளில் விழாமல் நின்றாலும், கைப்பிடிச் சுவரோரம் பத்துப் பேர் நின்று தெருவில் போகும் சாமியை வேடிக்கை பார்க்கும் நாள் வராமலா போகும்?

பில்லரைத் தள்ளுவது அடுத்தது. கார் திரும்ப இடம் போதவில்லை என்று 150 மில்லிமீட்டர் நகர்த்துவார்கள். பில்லருக்கு அடியில் ஃபுட்டிங் (அடித்தளம்) ஏற்கெனவே போட்டாயிற்று. 60 டன் வரும் பில்லர் நடுவிலிருந்து 150 விலகினால் ஃபுட்டிங்கில் 90 கிலோநியூட்டன்-மீட்டர் புதிதாக வந்து உட்காரும், ஒரு பக்க மண்ணில் அழுத்தம் எகிறும். மேலே விட்ட கம்பியை ஆறுக்கு ஒன்றுக்கு மேற்படாத சரிவில்தான் மடக்கலாம். 150 நகர 900 உயரம் வேண்டும். சைட்டில் ஒரு அடிக்குள் சம்மட்டியால் மடக்கிவிடுகிறார்கள். பிளம்பர் பில்லரை ஒட்டி பீமில் 110 மில்லிமீட்டர் பைப்புக்குக் கோர் கட்டிங் (துளை) போடுவதும் இதே ரகம், ஷியர் (வெட்டுவிசை) அதிகமாக வரும் இடத்திலேயே ஸ்டிரப் அறுபடும்.

இவற்றுக்கெல்லாம் ஒப்புதல் எப்படி வாங்கப்படுகிறது? வாட்ஸ்ஆப்பில் ஒரு போட்டோ, ஒரு வாய்ஸ் நோட், பதிலுக்கு ஒரு கட்டைவிரல். கேன்சஸ் சிட்டியின் போன் பேச்சுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கட்டைவிரல் போட்டவர் அந்த நேரத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்திருக்கலாம்.

கட்டி முடித்த பிறகு தப்பு தெரிந்தால்? நியூயார்க் சிட்டிகார்ப் கோபுரம், 59 மாடி, 1977-ல் முடிந்தது. ஒரு மூலையில் சர்ச் இருந்ததால் தூண்களை மூலைகளில் வைக்காமல் பக்கங்களின் நடுவில் வைத்தார்கள். குறுக்குச் சட்டங்களின் இணைப்பை வெல்டிலிருந்து போல்ட்டுக்கு மாற்ற டிசைனர் வில்லியம் லெமெஷூரியரின் அலுவலகமே ஒப்புக்கொண்டிருந்தது. அவருக்கு அது 1978-ல்தான் தெரிந்தது. மூலைவாட்டில் வரும் காற்றுக்குக் கணக்குப் பார்த்தபோது சில சட்டங்களில் விசை 40 விழுக்காடும், போல்ட் இணைப்புகளில் 160 விழுக்காடும் கூடியது. அவர் மறைக்கவில்லை. உரிமையாளரிடம் போய்ச் சொன்னார். இரவு இரவாக இருநூறுக்கும் மேற்பட்ட இணைப்புகளில் 2 அங்குல இரும்புத் தகடு வெல்டு செய்யப்பட்டது. அதற்கு அவரை மதிக்கிறேன். ஆனால் சுற்றிலும் குடியிருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் 1995 வரை வெளியே தெரியாமல் வைத்திருந்ததை ஏற்க முடியாது. ஆபத்துக்குள் இருப்பவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை, பில் கட்டுகிறவருக்கு இருக்கும் உரிமையைவிடப் பெரியது.

இந்தியாவில் வழக்கறிஞர்களுக்கு 1961-ல் சட்டம் வந்தது, ஆர்க்கிடெக்ட்களுக்கு 1972-ல் வந்தது. பொறியாளருக்கு அப்படி நாடு முழுவதற்குமான உரிமச் சட்டம் நடைமுறையில் இல்லை, உள்ளாட்சிப் பதிவுதான். பார்க்காத கட்டடத்துக்குக் கையெழுத்து மட்டும் விற்கிற கூட்டம் பிழைப்பது இந்த ஓட்டையில்தான். சட்டம் வரும்போது வரட்டும், இப்போதே செய்யக்கூடியவை இருக்கின்றன.

மாற்றக் கோரிக்கை எழுத்தில் வரட்டும்: எந்த டிராயிங், எந்த கிரிட் (தூண் வரிசை), என்ன மாற்றம், யார் கேட்டது. பதில் போகும்வரை அந்த இடத்தில் கம்பி கட்டக்கூடாது. பதில் என்பது புதிய ரிவிஷன் எண், தேதி, மாறிய இடத்தைச் சுற்றி வளையம் போட்ட டிராயிங். பழைய பிரதி சைட்டிலிருந்து திரும்ப வர வேண்டும், கம்பி கட்டுபவர் போனில் இருக்கும் பழைய போட்டோ உட்பட. சுமை கூரையிலிருந்து மண் வரை போகும் வழியில் ஒவ்வொரு இணைப்பையும் மறுபடி பார்த்த கணக்குத் தாள் ஃபைலில் இருக்க வேண்டும். வெறும் "ஓகே" போதாது. கான்கிரீட்டுக்கு முதல் நாள் நேரில் போய் மேல்கம்பியின் உயரத்தை டேப் வைத்து அளந்து, போட்டோவோடு குறித்து வையுங்கள்.

இதற்கெல்லாம் காசு யார் தருவார்? ஒப்பந்தத்தில் எழுதினால் வீட்டுக்காரர்தான் தருவார். டிசைன் ஃபீஸில் இத்தனை மாற்றம் அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு, இத்தனை சைட் விசிட் கட்டாயம், விசிட்டை மறுத்தால் சான்றிதழ் கிடையாது என்று முதல் நாளே எழுதுங்கள். ஃபீஸைக் குறைக்கச் சொன்னால் வரைபடத் தாளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், விசிட்டைக் குறைக்காதீர்கள்.

சொல்லியும் கேட்காமல் கட்டினால், "இந்த இடத்தில், இந்தக் காரணத்தால் ஆபத்து, வேலையை நிறுத்தி முட்டுக் கொடுங்கள்" என்று உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அப்போதும் அசையாவிட்டால் அனுமதி தந்த அலுவலகத்துக்குப் பொறுப்பிலிருந்து விலகும் கடிதம், எந்த நிலையில் விலகுகிறீர்கள் என்ற விவரத்தோடும் போட்டோவோடும் போகட்டும். அதன் நகல் அந்த பால்கனிக்குக் கீழே கடை வைத்திருப்பவருக்கும் போக வேண்டும்.